என் ரத்தத்தில் யாரோ ஒருவன்

சரண்யா, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் "போடி, வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டேன். நீயும் உடனே மாப்பிள்ளையின் இருமல், பூனாவின் மழை என்று பேச்சை மாற்றிவிட்டாய். ஆனால் போனை வைக்கும்வரை உன் குரல் சரியாகவே இல்லை. வயிற்றுப் பிள்ளையின் செல்கள் தாயின் உடம்பில் பல வருஷம் தங்கிவிடும், அதனால் தாய்க்கு வியாதி வரலாம் என்று யாரோ அனுப்பியதைப் படித்துவிட்டு, "அம்மா, அப்ப உன் கையை இப்படி ஆக்குனது நான்தானா?" என்று கேட்டாய். எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு ஒரு பெண் கேட்கிற கேள்விக்கு "போடி" என்பது பதில் ஆகாது. ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால் உனக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அது போனில் முடியாது. அதனால் நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில், கைக்கு ஒரு விரலாக, மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இதே பயம் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் நீ இதைக் காட்டலாம். ஒளிக்க ஒன்றுமில்லை.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். மார்கழி மாதம், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் நிரம்பி வழிந்தது. நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஸ்பீடு போஸ்ட் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற பெரியவர் ஒருவர் கவரை நீட்டாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, விரலெல்லாம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துப் போயிடுத்தே, நீ பாக்கலையா?" என்றார். குனிந்து பார்த்தேன். வலது கையில் மூன்று விரல்கள் பாதிவரை வெள்ளை. கோடு கிழித்த மாதிரி அதற்குக் கீழே என் நிறம். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளை நீலமாகி, பிறகு சிவந்து எரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமே வரவில்லை, வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டு நிறம் மாறுவதை உன் அப்பாவுக்குக் காட்டினேன். கைலாசபுரம் தொழிற்சாலையில் வேலைக்காலம் முழுக்க வெல்டிங் செய்த மனுஷர். சூட்டில் நிறம் மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறார், குளிரில் மாறுவதைப் பார்த்ததில்லை. "இது விளையாட்டு இல்ல. டாக்டர்கிட்ட காட்டு" என்றார். நான் மாசி முடியும்வரை விளையாடிக்கொண்டுதான் இருந்தேன். நீ அப்படிச் செய்யாதே. உடம்பு புதிதாக ஒன்றைக் காட்டினால் வேடிக்கை பார், தப்பில்லை. பார்த்த கையோடு டாக்டரிடம் போய்விடு.

விரல் தோல் இறுகி, கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியாமல் நகைக்கடையில் வெட்டி எடுத்த பிறகுதான் போனோம். ஸ்க்ளீரோடெர்மா என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி, சொந்த உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தாக்குகிற வியாதிகளில் ஒன்று. என்னைப் பார்க்கிற டாக்டரம்மா பொறுமைசாலி. "ஏன் வந்துச்சு டாக்டர்?" என்று கேட்டேன். "தெரியாதும்மா." "தெரியாதுன்னா உங்களுக்குத் தெரியாதா, யாருக்குமே தெரியாதா?" அவர் சிரித்துவிட்டார். "யாருக்குமே முழுசா தெரியாது. நீங்கதான் முதல்ல இப்படிக் கேக்கறீங்க. மத்தவங்க எல்லாம் எப்ப சரியாகும்னுதான் கேப்பாங்க." அன்றிலிருந்து ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு கேள்வி கொண்டுபோவது எனக்கு வழக்கமாகிவிட்டது. மாத்திரை ஒரு பக்கம், வருஷத்துக்கு ஒரு முறை நுரையீரல் சோதனை ஒரு பக்கம், என் கேள்வி ஒரு பக்கம். ஒருநாள் அவரே சொன்னார்: "வேற ஒருத்தரோட எலும்பு மஜ்ஜையை வாங்கி வெச்சுக்கிட்டவங்களுக்குச் சில சமயம் உங்க தோல் மாதிரியே இறுகிப் போகும்மா. வந்த செல்லு, வந்த இடத்தோட ஒத்துப் போகாம சண்டை போடும். அதைப் பாத்துட்டுத்தான், இந்த வியாதியிலயும் வெளியில இருந்து வந்த செல்லு ஏதாவது இருக்குமோன்னு சில பேருக்குச் சந்தேகம் வந்தது." நான் யாரிடமும் மஜ்ஜை வாங்கவில்லையே என்றேன். "பிள்ளை பெத்திருக்கீங்கள்ல?" என்றார் அவர். ஆக, நீ போன வாரம் படித்ததை நான் எப்போதோ கேட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. நீ இப்படி எடுத்துக்கொள்வாய் என்று அப்போது நினைக்கவில்லை.

போன வருஷம் ஆடியில், ஆஸ்பத்திரியில் டோக்கனோடு காத்திருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆயிஷா. பாலக்கரையில் வீடு, அத்தா துபாயில், இவள் இங்கே ஆராய்ச்சி மாணவி. என் வியாதி உள்ள பெண்களிடமும், வியாதி இல்லாத பெண்களிடமும் ரத்தம் வாங்கிச் சோதிக்கிறாளாம். நான் ரத்தம் தரச் சம்மதிப்பதற்கு முன்னால் அவளிடமிருந்து முழுக் கதையையும் வாங்கிவிட்டேன். "வயித்துல பிள்ளை இருக்கறப்ப சத்து மட்டும் அந்தப் பக்கம் போறதில்ல ஆன்ட்டி. கொஞ்சம் செல்லும் போகும், வரும். பிள்ளையோடது அம்மாவுக்கு, அம்மாவோடது பிள்ளைக்கு. பெரும்பாலானது அழிஞ்சிடும். கொஞ்சூண்டு தங்கிடும். சில பேருக்குப் பல வருஷம் இருக்கும்" என்றாள். "உடம்பு அதைத் துரத்தாதா?" என்றேன். "ரொம்ப வித்தியாசமா இருந்தா துரத்திடும். கிட்டத்தட்ட நம்மள மாதிரியே இருந்தா கண்டுக்காம விட்டுடும்போல." "தங்கி என்ன பண்ணும்?" "அதைத்தான் ஆன்ட்டி எல்லாரும் தேடிட்டிருக்கோம்." ஆண்களின் செல்லில் மட்டும் ஒரு அடையாளம் உண்டாம். ஒரு பெண்ணின் ரத்தத்தில் அது கிடைத்தால் வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பெண் பிள்ளையின் செல்லை அப்படிச் சுலபமாகப் பிரிக்க முடியாது, அதனால் இவர்கள் தேடுவதெல்லாம் ஆண் செல்லைத்தான்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். "ஒரே பொண்ணு." "அப்ப உங்ககிட்ட ஒண்ணும் கிடைக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பாக்க உங்கள மாதிரியும் ஆள் வேணும்" என்றவள், கடமைக்குக் கேட்பதுபோல அடுத்ததைக் கேட்டாள். "எதாவது கலைஞ்சிருக்கா? ரத்தம் ஏத்தியிருக்காங்களா? உங்களுக்கு அண்ணன் இருக்காங்களா?" மூன்றுக்கும் ஆமாம் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

இதுதான் உனக்குத் தெரியாதது, சரண்யா. உனக்கு முன்னால் ஒன்று இருந்தது. ஐந்தாம் மாதம் போய்விட்டது. ஒருநாள் மதியம் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டார்கள், நான் தெளிந்து கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அது ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், பேசினால் திரும்பவும் அப்படி நடந்துவிடும் என்பதுபோல. "அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்றார்கள். நீ நல்லபடியாகத்தான் பிறந்தாய். எனக்குத்தான் ரத்தம் நிற்காமல் போய், அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பேர் ஓடிவந்து ரத்தம் கொடுத்தார்கள். அது உனக்குத் தெரியும். முன்னதைச் சொல்ல ஒரு நேரம் வாய்க்கவே இல்லை. நீ கர்ப்பமான பிறகு சொல்லியிருக்கலாம். நீ ஐந்தாம் மாதத்தைத் தாண்டும்வரை எனக்கு வாய் வரவில்லை.

தை பிறந்த பிறகு ஆயிஷாவே போன் செய்தாள். முடிவைத் தனித்தனியாகச் சொல்வது அவர்கள் வழக்கமில்லையாம். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ரத்தம் கொடுத்த அன்றே கேட்டு வைத்திருந்தேன், அவளும் தன் மேடத்திடம் அனுமதி வாங்கியிருந்தாள். நேரில் போனேன். "கிடைச்சிருக்கு ஆன்ட்டி" என்றாள். "ரொம்பக் கொஞ்சம். லட்சத்துல ஒண்ணுகூட இருக்காது. ஆனா இருக்கு." "உங்க லேப்ல யாரோடதாவது கலந்திருக்குமோ?" என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "அதுக்காகத்தான் சாம்பிளைத் தொடறவங்க எல்லாருமே பொண்ணுங்க. திரும்பவும் போட்டுப் பாத்துட்டேன்." எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தால் இல்லை. இத்தனை வருஷமாக நான் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன், சமைத்திருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். உள்ளே யாரோ ஒருவன் இருந்திருக்கிறான்.

யார் என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவராக இருக்கலாம், ஆனால் ஏற்றிய ரத்தம் பெரும்பாலும் சீக்கிரம் அழிந்துவிடுமாம். போன பிள்ளையாக இருக்கலாம். மூன்றாவதுதான் என்னை வாய் பிளக்க வைத்தது. உன் மாமா எனக்கு முன்னால் என் அம்மாவின் வயிற்றில் இருந்தவர். அவர் விட்டுப்போன செல் அம்மாவிடம் தங்கி, அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்கலாமாம்.

அடுத்த வாரமே அப்பாவைக் கிளப்பிக்கொண்டு மணப்பாறைக்குப் பஸ் ஏறினேன். உன் மாமா முறுக்குக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டாலும் கடையை விட்டு நகர்வதில்லை என்பது உனக்குத் தெரியுமே. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு எங்களை உட்கார வைத்து, நான் சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டார். "அப்ப அம்மா வயித்துல நான் விட்டுட்டு வந்ததை நீ எடுத்துக்கிட்ட. சின்ன வயசுலயே என் சாமானைத் தொடாதன்னு சொன்னேன், கேட்டியா?" என்றார். கடைப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உன்னோடதா இருந்தா நீதான் என் கையை இப்படிப் பண்ணியிருக்க" என்றேன். "பண்ணியிருப்பேன், பண்ணியிருப்பேன்" என்று தலையாட்டினார். பிறகு, ரத்தம் ஏற்றியது ஒரு வழி, அண்ணன் ஒரு வழி, கலைந்துபோனது ஒரு வழி என்று நான் விரல்விட்டுச் சொன்னபோது அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தார். அப்பா சட்டியில் வேகும் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் ரத்தம் வேணும்னா எடுத்துக்கச் சொல்லு. பொருத்திப் பாக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொட்டலம் கட்ட எழுந்து போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு அப்பா. மதிய வெயில். அண்ணன் அப்படிப் பார்த்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "ஏங்க, அது ஆம்பளப் பிள்ளையா இருந்திருக்குமோ?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஆம்பளப் பிள்ளைதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான கொண்டு போனேன். நானும் உங்கண்ணனும்."

"எங்க?"

"கொள்ளிடக் கரைக்கு."

கண்டக்டர் வந்தார். அப்பா டிக்கெட் வாங்கி, அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். "நீ கேக்கவே இல்லையே. கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தேன். ஒரு வருஷம்போல காத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் சரண்யா வந்துட்டா" என்றார். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று நான் கேட்காமல் இருந்தேன். சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று அவர் சொல்லாமல் இருந்தார். ஒரே வீட்டில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "எப்படி இருந்துச்சு?" என்றேன். "கை ரெண்டும் மூடியிருந்துச்சு. விரல் நீளம். உன்னோடது மாதிரி" என்றார். பிறகு பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் மனம்விட்டுப் பேசியது அந்தப் பஸ்ஸில்தான் என்று இப்போது தோன்றுகிறது. நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் பயந்து எதையும் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். கேள். பதில் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

ஆயிஷாவிடம் போய்ச் சொன்னேன். கண் கலங்கினாள், ஆனாலும் ஆராய்ச்சிக்காரியாகத்தான் பேசினாள். "அப்பவும் அந்தப் பிள்ளையோடதுதான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது ஆன்ட்டி. உங்க அண்ணனோடதாவும் இருக்கலாம். இவ்வளவு கொஞ்சத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட வசதி இல்ல." "தெரியும்மா" என்றேன். அவள் பொய்யாக ஆறுதல் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து டாக்டரம்மாவிடம் உன் கேள்வியைத்தான், நீ கேட்பதற்கு முன்பே, வேறு மாதிரி கேட்டிருக்கிறேன். "உள்ள இருக்கறவன்தான் என் கையை இறுக்கறானா?" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பதில் சொன்னார். "கொள்ளிடத்துல வெள்ளம் வரப்ப கரையில கும்பலா ஆள் நிப்பாங்க பாத்திருக்கீங்களா? பாலத்துல இருந்து பாத்தா, அவங்க கரையை உடைக்கிறாங்களா, மூட்டை போட்டு அடைக்கிறாங்களான்னு தெரியாது. இதுவும் அப்படித்தாம்மா. கெட்டுப்போன இடத்துல இந்தச் செல்லு இருக்கறதைப் பாத்திருக்காங்க. கெடுக்க வந்ததா, சரி பண்ண வந்ததான்னு இன்னும் தெரியல. ரெண்டுமே நடக்கலாம். ஒரு வியாதியும் இல்லாத எத்தனையோ பொம்பளைங்ககிட்டயும் இது இருக்கு. பிள்ளை பெறாதவங்களுக்கும் உங்க வியாதி வருது. ஆம்பளைங்களுக்கும் வருது." உனக்கு வருமா என்றும் கேட்டேன். "அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கு வரும்னு இல்ல. வராம இருக்கறவங்கதான் ரொம்ப அதிகம். பிரசவம் பாக்கற டாக்டர்கிட்ட மட்டும் அம்மாவுக்கு இது இருக்குன்னு சொல்லிடச் சொல்லுங்க" என்றார். நீ சொல்லிவிட்டாயா? சொல்லவில்லையென்றால் நாளைக்கே சொல்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். என் கையை இப்படி ஆக்கியது நீயா? எனக்குத் தெரியாது, சரண்யா. நீ என் உள்ளே இருக்கிறாயா என்று யாரும் பார்க்கவே இல்லை. என்னைப் போலவே பெண்ணாக இருப்பதால் ஆயிஷாவின் தேடலில் நீ அகப்பட மாட்டாய். இருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் அடைக்கிறவர்கள் பக்கம் நிற்கிறாயோ உடைக்கிறவர்கள் பக்கம் நிற்கிறாயோ, அதை நீ யோசித்துச் செய்யவில்லை. பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றுக்குக் குற்றம் சுமத்த எந்தக் கோர்ட்டிலும் இடமில்லை. காலையில் வெந்நீரில் கையை நனைத்து விரலை நீட்டும்போது எனக்கு வலிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வலிக்கிற நேரத்தில் யார்மீதும் கோபம் வருவதில்லை. உள்ளே யாரெல்லாம் இருக்கிறார்கள் என்ற யோசனைதான் வருகிறது.

இன்னொன்று. ஆயிஷா இதைப் பேச்சுவாக்கில் சொன்னாள், நான் அன்றிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாமாவிடமிருந்து அம்மா வழியாக எனக்கு வர முடியுமானால், ஐந்தாம் மாதம் போனதே, அது விட்டுப்போன செல்லும் என் வழியாக உனக்கு வந்திருக்க முடியும். சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அண்ணன், தம்பி என்று கூட்டமாக விளையாடும்போது, எனக்கு மட்டும் ஏன் யாரும் இல்லை என்று நீ அழுதிருக்கிறாய். ஒருவேளை நீ அப்போதும் தனியாக இல்லை. நிச்சயமில்லை, ஒருவேளைதான். இப்போது உன் வயிற்றில் இருக்கிறதே, அதற்கும் நீ எதையோ கொடுத்துக்கொண்டிருக்கிறாய், அதுவும் உனக்கு எதையோ கொடுத்துக்கொண்டிருக்கிறது. பயப்படாமல் வாங்கிக்கொள். பிரசவத்துக்கு நீ இங்கே வந்ததும் ஆயிஷாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், உன் கேள்விகளை எல்லாம் அவளிடம் கேள்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து, ஒரு வரி விடாமல் படித்தார். பஸ்ஸில் அவர் அழுததை எடுத்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "எல்லா இடத்துலயும் அது, அதுன்னு எழுதியிருக்க. அவன்னு மாத்து. அவ அண்ணன்தான அவன்" என்றார். சரி என்றேன். ஆனால் திரும்பப் போய் ஒவ்வொரு இடமாக மாற்றுவதற்கு என் விரல்கள் இன்றைக்கு ஒத்துழைக்கவில்லை. படிக்கும்போது நீயே மாற்றிப் படித்துக்கொள், கண்ணு.